பூப்போட்ட போர்வைக்குள் ஓர் ஆள்

"...போர்வையச் சுத்திக்கிட்டு ஒரு ஆம்பள நடு ஹால்ல உக்காந்திருக்காரு, அவங்க வர்ற நேரத்துல இதத் தைக்கணுமாம்மா உனக்கு?" என்று மகள் கத்த, "கத்தாதடி, தையல் கோணுது" என்று அம்மா திருப்பிக் கத்த, எதிர் வீட்டுச் சண்டையைக் கேட்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது, காய்ந்த துணியை எடுக்கத்தான் நடைக்கு வந்தேன், துணி இன்னும் காயவில்லை, அதனால் நின்றேன்... தையல்காரம்மா எப்போதுமே அப்படித்தான், மாடிப்படி வளைவில் கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது, ஏறி இறங்குகிறவர்களின் துணியைப் பிடித்துக் கிழிக்கும், அந்தச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து, ஆளை உள்ளே கூப்பிட்டுத் தைத்துக் கொடுப்பாள், கூலி வாங்கமாட்டாள், பேர்கூடக் கேட்கமாட்டாள், "பேரு கேட்டா அவங்களுக்குச் செஞ்சதா ஆயிடும், நான் ஆண்டவருக்காகத்தானே செய்யறேன்" என்பாள். ஆண்டவரும் சும்மா இருக்கவில்லை, ஒரு நாள் மீட்டர் பார்ப்பவராக, ஒரு நாள் விலாசம் தப்பியவராக, அன்றைக்குப் பார்சல்காரராக, கால்சட்டை முட்டியிலிருந்து இடுப்புவரை கிழிந்து... வேறு நாள் கிடைக்கவில்லையா அவருக்கு?

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள், தானே பிடித்துவைத்த பையன், கல்யாணத்துக்கு அவன் அம்மா தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி, அந்த அம்மாள் வருகிற நாள் அது. "ரூமுக்குள்ளயாவது உக்கார வையேன்மா!" "ஒளிச்சு வைக்க அவரு என்ன திருட்டுச் சாமானா?" நடுவில் போர்வையிலிருந்து ஒரு குரல், "அக்கா, நான் அப்படியே போயிடறேன்கா." "எப்படியே? உக்காருப்பா!" நான் ஈரத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன், சிரிப்பை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது? அதற்குள் படியில் செருப்புச் சத்தம், பையனும் அவன் அம்மாவும், நான் மரியாதையாக ஒதுங்கி நின்றேன், பார்வையை மட்டும் ஒதுக்க முடியவில்லை. வந்தவள் வாசலிலேயே, "இது யாருங்க?" தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "தெரியலைங்க" என்றாள். தெரியலையாம்! தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போகும்? நானாக இருந்தால் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனது வரைக்கும் கதை கட்டியிருப்பேன். "தெரியாத ஆள இந்தக் கோலத்துல உக்கார வெச்சிருக்கீங்க, இந்த வீட்ல எப்படிங்க நாங்க..." என்று திரும்பினவள்தான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பையன் ஒரு முறை மகளைப் பார்த்தான், பிறகு அம்மா பின்னாலேயே இறங்கினான். வளைவில் 'பர்ர்'. அவள் புடவை. தையல்காரம்மா ஊசியோடு ஓடினாள், படியில் முட்டி போட்டுத் தைத்தாள், அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நூலை அறுத்ததும் போய்விட்டாள். மகள் அதைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது அவள் கத்தவில்லை, கத்தியிருக்கலாம்.

பையன் அம்மா காட்டிய பெண்ணைக் கட்டிக்கொண்டான். மகள் மறு வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள், பார்சல்காரரையா என்று கேட்காதீர்கள், அவர் போர்வையை மடித்துவைத்துவிட்டு அன்றைக்கே போனவர், கட்டிக்கொண்டவர் அவள்கூட வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், வேலை மாற்றி வேறு ஊருக்குப் போனார்கள், தையல் மிஷினோடு அம்மாவையும் கூட்டிப்போனாள், எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது, கேட்க ஒன்றுமில்லை, துணியும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது... இன்றைக்கு வளைவில் மறுபடி அந்தச் சத்தம், யாரோ 'ச்சே' என்றார்கள், நான் எழுந்து அலமாரியெல்லாம் கலைத்து ஊசியைத் தேடினேன், கிடைத்து வெளியே வருவதற்குள் ஆள் இறங்கிப் போயாயிற்று. வீட்டில் சுத்தியல் இருக்கிறது, எத்தனையோ வருஷமாக இருக்கிறது, ஒரே அடியில் அந்தக் கம்பி மடங்கிவிடும், தையல்காரம்மாவுக்கும் அது தோன்றியதில்லை... நான் ஏன் ஊசியைத் தேடினேன்?