சம்பந்தி பிடித்த முனை

பசுமைக்குடிலுக்கு ஷீட் போர்த்துவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. கொல்லையில் பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்துக் கூடு கட்டும்வரை மருந்துக் கடைக்காரர் யார் தயவையும் நாடவில்லை. போர்த்துகிற அன்று மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வந்து நின்றவர் சம்பந்தி.

மகளுடைய மாமனார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கியர் மாற்றக் கற்றார்கள். ஆனால் பெண் எடுத்த வீட்டில் அவர் பேச்சு "பரவாயில்லீங்க"வைத் தாண்டியதில்லை.

"வாய அடக்கிக்கிட்டு வேலையப் பாருங்க," என்று மனைவி முன்பே எச்சரித்திருந்தாள். "போன தடவை அவரு மீசையப் பத்தி ஏதோ சொல்லிட்டீங்க. நம்ம பொண்ணு ஒரு மாசம் அங்க எல்லார் மூஞ்சியையும் பாத்துப் பாத்து நடந்தா."

ஆகவே வேலை மரியாதையாக நடந்தது.

"சம்பந்தி, சிரமம் இல்லேன்னா கொஞ்சம் இழுக்குறீங்களா?"

"சிரமம் என்னங்க. எவ்வளவு இழுக்கணும்?"

"உங்களுக்கு எது தோதோ அவ்வளவு."

தோது பார்த்து இழுத்ததில் ஷீட் கோணிக்கொண்டது. சம்பந்தி விளிம்பைக் குனிந்து பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு பக்கம் முழுக்க ஷீட்டின் மேல் மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து அடிச்சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்து நிமிர்ந்தபோது காற்று கிளம்பியது. ஷீட் உப்பி எழுந்து சம்பந்தியை நுனிக்காலில் நிறுத்தியது.

"யோவ், இழுத்துப் புடிய்யா! கல்லு மாதிரி நிக்கிற! அது மேல உக்காருய்யா!"

சம்பந்தி உட்கார்ந்தார். ஷீட்டும் அடங்கியது. சொன்னது என்னவென்று சொன்னவருக்கு அப்புறம்தான் உறைத்தது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காந்துட்டேன்," என்றார் சம்பந்தி. "இப்ப நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"ஷீட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்கய்யா."

விளிம்பில் அச்சடித்திருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். மருந்துக் கடைக்காரர் கம்பெனிக் கிறுக்கல் என்று விட்டிருந்த வரி அது: 'இப்பக்கம் வெளியே'. அது கூட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் தாங்கும் பூச்சு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இப்படியே விட்டால் ஒரே கோடையில் ஷீட் சருகாய் நொறுங்கிவிடும்.

"எப்பப் பாத்தீங்க?"

"சுருளப் பிரிக்கும்போதே."

"ஏன்யா சொல்லல?"

"பொண்ணு எடுத்த வீட்ல வந்து குத்தம் கண்டுபிடிக்கிறதா? கிளம்பும்போதே என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினா. 'அங்க போய் உங்க ஸ்கூல் வாயத் தொறந்தீங்கன்னா மருமக முகம் சுருங்கிடும்'னு."

மருந்துக் கடைக்காரர் சுத்தியலைத் திருப்பிப் பிடித்தார். பிறகு அடித்த ஆணி அத்தனையையும் பிடுங்கினார்கள். ஷீட்டைப் புரட்டிப் போட்டார்கள். இம்முறை வேலை ஓடியது.

"மெதுவா விடுய்யா, கிளட்ச் விடுற மாதிரி!"

"நீ மொதல்ல கைய எடு. சுத்தியல் பட்டா எங்கிட்டதான் மருந்துக்கு வரணும்."

"உங்கிட்டயா? மாத்திரை எண்ணுற கைக்கு ஆணி எதுக்குய்யா? நெளிச்சே வெச்சிருக்க பாரு!"

கடைசிக் கட்டையை அறைந்தபோது ஷீட் மத்தளத் தோலாக விறைத்து நின்றது.

கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. மனைவி டீயோடு வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"எடுத்துக்கோங்க சம்பந்தி."

"ஐயோ, நீங்க முதல்ல எடுத்துக்கோங்க."

அவர் விடைபெற்றுப் போன பிறகு மனைவி டம்ளர்களை அடுக்கியபடி சொன்னாள்: "எவ்வளவு தன்மையான மனுஷன்! சத்தமாப் பேசவே தெரியாது போல."

"தெரியாது," என்றார் மருந்துக் கடைக்காரர். "ஞாயித்துக்கெழம கதவு மாட்ட வரேன்னிருக்காரு. டீ கொண்டு வரும்போது ஒரு குரல் குடுத்துட்டு வா."