ஒரு முனை சும்மா கிடந்த கேபிள்

என் வீட்டுக்காரர் விஜயனும் நானும் ஆபீஸ்களுக்குக் கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டர்களை இணைத்துக் கொடுக்கிறோம். வேலை செய்யும்போது ஆளுக்கொரு முனையில் இருப்போம். காதில் போனை மாட்டிக்கொண்டு, காலையில் போட்ட அழைப்பை வேலை முடியும்வரை துண்டிக்க மாட்டோம். நாள் முழுக்க அவர் மூச்சு என் காதுக்குள் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை காதில் கேபிள் எண்கள் மட்டும்தான் கேட்டன.

"மூணு, வருதா?"

"வருது."

"நாலு?"

"வருது."

பத்து நாளாக வீட்டிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம், அவர் மட்டும்தான் போக முடியும். போகட்டுமா என்று கேட்டார். அவர் முடிவுசெய்துவிட்டு ஒப்புக்குத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க இஷ்டம்" என்றேன். மறுபடி கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். போகாதீங்க என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் என் வாய் இருக்கிறதே, கோபத்துக்கு மட்டும்தான் சீக்கிரம் திறக்கும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது புஷ்பவல்லி ஆன்டியின் கல்யாணத் தகவல் நிலையம். நான்கு மேசை, நான்கு கம்ப்யூட்டர், மேசைக்கு இரண்டு கேபிள். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் எல்லா மாப்பிள்ளையும் எல்லாப் பெண்ணும் தெரிய வேண்டும் என்பது ஆன்டியின் உத்தரவு. விஜயன் முன்னறையில் மேசைகளோடு இருந்தார். நான் பின்னால் ஸ்டோர் ரூமில், எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியோடு இருந்தேன்.

ஏணியில் ஏறி சீலிங் பலகையை நகர்த்தினால், உள்ளே பழைய ஆபீஸ்கள் விட்டுப்போன ஒயர்கள் தூசியோடு கிடந்தன. டெலிபோன் ஒயர், பேக்ஸ் ஒயர், எதற்கென்றே தெரியாத ஒயர். என்னென்ன பேச்சு இதன் வழியே போயிருக்கும்? யார் யாரிடம் வரேன் என்றார்களோ, யார் வரவேயில்லையோ. மழை தொடங்கியிருந்தது. கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறி வந்தது. மோனோரயில் போகும்போது கட்டடம் மெல்ல அதிர்ந்தது. ஏணி உச்சியில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். கோலாலம்பூர் எங்கோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. காதுக்குள் அவர் மூச்சு. இப்படியே ஆறு மணி வராமல் போய்விட்டால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் ஓடியது. கீழே போய் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், நான்கு கம்ப்யூட்டரும் செத்துக் கிடந்தன.

ஸ்விட்சைப் பார்த்தேன். வழக்கமாக அதன் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டும். இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெறி பிடித்து அடித்துக்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு கேபிளின் இரண்டு முனையும் இதே பெட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் ஒரு செய்தி வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். வேறு எதற்கும் இடமிருக்காது.

"ஒவ்வொண்ணா கழட்டறேன், பாருங்க," என்றேன்.

"ம்."

ஏழாம் கேபிளைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கின. "ஏழு எங்க?"

"ஆன்டி மேசை. இரு." அவர் மேசைக்கடியில் தவழ்ந்து போவது கேட்டது. பிறகு, அந்தப் பத்து நாளில் முதல் தடவையாக, சிரித்தார். "திங்கக்கிழமை வர்ற பிரிண்டருக்குன்னு ஒரு கேபிள் விட்டோம்ல? ஒரு முனை சும்மா கிடந்துச்சே. அதையும் சுவத்துல பக்கத்து ஓட்டையில செருகி வச்சிருக்காங்க."

ஆன்டியின் குரல் போன் வழியாகவே எனக்குக் கேட்டது. "நான்தான் செருகினேன் தம்பி. கல்யாண ஆபீஸ்லா இது! ஒத்தையா எதையும் விடமாட்டோம். பேனாகூட ரெண்டா வைப்பேன். ஒரு பக்கம் மட்டும் மாட்டி, ஒரு பக்கம் தொங்கிட்டு இருந்தா பார்க்க நல்லாவா இருக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. பத்து நாளாக எங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்ததும் ஒரே கேள்வி, ஒரே பதில்தானே. மணி மூன்றரை. ஆறுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினேன்.

"என்னங்க."

"சொல்லு."

"போகாதீங்க. நீங்க இல்லாம என்னால முடியாது. கோவத்துல சொன்னேன். போகாதீங்க."

அவர் மேசைக்கடியிலேயே இருந்திருக்க வேண்டும். எழுந்த சத்தம் கேட்கவில்லை.

"உஷா," என்றார், மிக மெதுவாக. "காலையிலேயே சிங்கப்பூருக்கு வரேன்னு மெயில் போட்டுட்டேன். நீ குளிச்சிட்டு இருந்தே."

"ஆறு மணி வரைக்கும் இருக்குன்னீங்களே?"

"இருந்துச்சு. நேத்து மூணாவது தடவையா கேட்டேன். அப்பவும் உங்க இஷ்டம்னே. சரி, நான் இருக்கறதே உனக்குத் தொல்லையோன்னு நினைச்சிட்டேன்."

வெளியே ஆன்டி, கம்ப்யூட்டர் இப்போது என்ன வேகம் பார் என்று யாரிடமோ வியந்துகொண்டிருந்தார். விஜயன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவர் கேட்கிறார் என்று தெரிந்தே, வாயைப் பொத்தாமல் அழுதேன். மறுபடியும் ஏதாவது கெட்டுப்போச்சா என்று புஷ்பவல்லி ஆன்டி வந்து கதவைத் தட்டும்வரை அழுதேன்.