மூன்று பிடி குறைகிறது

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. கண்டியில் கணிதச் சஞ்சிகை நடத்தும் நண்பர் முத்துலிங்கம், பின்னத்தைச் சுருக்குவது பற்றி ஒரு கதை கேட்டார். மலைநாட்டில் தேயிலைக்கு முன் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில் நடக்க வேண்டுமாம். எட்டில் ஆறு என்ற பின்னத்தில் மேலும் கீழும் பொதுக் காரணியாயிருக்கும் இரண்டை வகுத்து நீக்கினால் நான்கில் மூன்று, பெறுமதி மாறாது. இதில் கதைக்கு எங்கே போவேன்? எரிச்சல்தான் வந்தது.

2

‘தெல்தோட்டை மலையில் மூடுபனி விலகாத ஒரு—’

வேண்டாம். மூடுபனியை வைத்து எத்தனை கதைதான் தொடங்குவது!

தெல்தோட்டைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டம். பழம் பறிப்பவர்களுக்கு அந்தியில் கங்காணி அழகமுத்து அரிசி அளப்பார். ஆளுக்கு முக்கால் படி. அரைக்கால் படியால், அதாவது படியில் எட்டிலொரு பங்கு கொள்ளும் அளவையால், ஆறு தரம் கொட்டுவார். ஒவ்வொரு தரமும் கூடவே ஒரு பிடி அள்ளிப் போடுவார். அது வழக்கம், கணக்கில் சேராது. (வழக்கம் என் கற்பனை. ஆதாரம் கேட்காதீர்கள்.)

வேலாயியின் கணவன் வீரையா காய்ச்சலில் கிடந்தான். வேலைக்குப் போகாதவனுக்கு அரிசி இல்லை. அந்த ஆறு பிடிதான் அவனுக்குக் கஞ்சி.

மழையில் வரிசை நனைவதைப் பார்த்து, பாவம், நல்லெண்ணத்தோடு அழகமுத்து கால்படி ஒன்று வாங்கி வந்தார். இனி மூன்று தரம் கொட்டினால் போதும். முக்கால் படி முக்கால் படியேதான் என்று எல்லாருக்கும் விளக்கினார்.

“கணக்கு சரிதாங்க ஐயா,” என்றாள் வேலாயி. “பிடி மூணு கொறையுதுங்களே. அவருக்குக் கஞ்சி காணாதுங்க.”

“பிடி என்னைக்குப் புள்ள கணக்குல இருந்துச்சு?”

கேட்டதில் கோபமில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

3

முத்துலிங்கத்துக்குக் கதை பிடித்தது. ஆனால் வீரையா எதற்கு, ஒரு வார்த்தையும் பேசாத பாத்திரம், எடுத்துவிட்டால் கதை சுருங்கும், கணக்கும் மாறாது என்றார்.*

எடுத்துப் பார்த்தேன். கதை ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீரையாவைத் திரும்ப எழுதிவிட்டேன்.

* இந்த வரியையும் எடுக்கச் சொன்னார்.

4

முதல் முடிவு: அழகமுத்து மனமிரங்கி இரண்டிரண்டு பிடி போடுகிறார். வரிசை முழுவதற்கும் போட வேண்டி வருமே, அரிசி தோட்டத்து வெள்ளைத் துரையுடையதல்லவா?

இரண்டாம் முடிவு: வேலாயி, தான் சாப்பிட்டாயிற்று என்று வீரையாவிடம் சொல்லி—

முடியவில்லை என்னால்.

ஆக, நிற்கிற இடத்திலேயே விடுகிறேன். மூன்றாவது பிடியும் விழுந்தாயிற்று. வேலாயி அரிசி ஏந்திய முந்தானையை மடக்காமல், நகராமல் நிற்கிறாள். மழை வலுக்கிறது. பின்னால் முணுமுணுக்கிறார்கள். அவளுக்கு அடுத்து வரிசையில் நிற்பது நீங்கள். அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?