நீல டிரம்மும் பிரியாணி மசாலாவும்

எனக்குத் துரோகம் செய்தவர்களை வரிசையில் நிறுத்தச் சொன்னால், என் கையைத்தான் முதலில் நிறுத்துவேன். அடுத்தது திலகவதி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சோப்புக்கு வாசனை கலக்கும் கம்பெனி எங்களுடையது. முதல் ஷெட்டில் சிவப்பு டிரம். மூடியைத் திறந்தால் பிரியாணிக்குப் போடும் பட்டையின் வாசனை மூக்கைத் துளைக்கும். தோலில் பட்டால் அரிக்கும் என்று அங்கே கிளவுஸ், மாஸ்க் எல்லாம் உண்டு. நானும் திலகவதியும் நான்கு வருடமாக நின்றது இரண்டாவது ஷெட்டில். அங்கே நீல டிரம், பூ வாசனை. "குழந்தைக்கே பூசலாம்" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். அதனால் வெறுங்கையால்தான் அளந்து ஊற்றினோம்.

நான் பழவேற்காட்டுக்காரி. வீட்டுக்காரர் ரஷீத்துக்கு இறால் வியாபாரம். விடிகாலையில் ஒரு கூடை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனி வேனில் ஏறுவேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் கையில் நாற்றம் நிற்கும். பின்சீட்டுக்காரிகள் மூக்கைப் பொத்துவார்கள். திலகவதிக்குத்தான் பொறுக்கவில்லை. நீல டிரம்மின் அடியில் நின்ற மிச்சத்தைக் காலி மருந்து பாட்டிலில் பிடித்து என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டாள்.

"தெனம் ரெண்டு சொட்டு தேச்சிக்கினு வா மெஹரு. எவ மூக்க பொத்துறான்னு நானும் பாக்குறேன்" என்று சொல்லித் தன் கையிலும் தேய்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவளை என் கூடப்பிறந்தவளாகவே நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

2006 கோடையில் மணிக்கட்டு அரிக்க ஆரம்பித்தது. பிறகு கொப்புளம், நீர், வெடிப்பு. மாவு பிசைய முடியவில்லை, வேனின் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வேலையால் வந்தது என்று தெரிந்தால் கம்பெனி வைத்தியம் பார்த்து வேறு வேலை கொடுக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சென்னையில் தோல் டாக்டரம்மா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, என் முதுகில் சின்னச் சின்ன மருந்துகளை வைத்து ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது ஒன்று மட்டும் தணலாகச் சிவந்திருந்தது. அது சிவப்பு டிரம்மில் இருப்பது, சமையல் பட்டையிலும் இருப்பது. அந்த ஷெட் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

மேனேஜருக்கு அது போதும். "அப்போ உங்க வீட்டுப் பட்டையால வந்ததும்மா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். திலகவதியின் கையெழுத்து. மெஹர்னிசா கல்யாணங்களுக்கு பிரியாணி மசாலா அரைத்துக் கொடுப்பவர், தினமும் பட்டையைக் கையாளுகிறார் என்று எழுதியிருந்தாள். நான் அரைத்தது ஒரே ஒரு கல்யாணத்துக்கு, என் நாத்தனார் சிஃபாவுக்கு. அந்த பிரியாணியில் பாதி டப்பாவைக் காலி பண்ணியவளே இவள்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதுதான் இது. அடுத்த வாரமே அவள் புடவையில் சூப்பர்வைசர் பேட்ஜ் ஏறியது.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் ஓடி, நான் தொட்டது நீல டிரம்மை மட்டும்தான் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நீல டிரம்முல இருக்கிறது சாதுதாம்மா. ஆனா தோலுக்குள்ள போனதும் உங்க தோலே அதை மாத்திடுது. சிவப்பு டிரம்முல இருக்கிறதா ஆக்கிடுது. அதைத்தான் உடம்பு எதிரின்னு நினைச்சு சண்டை போடுது. எல்லாருக்கும் இப்படி ஆகாது."

நான் எதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினேனோ அதை என் தோலே தயாரித்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலையால்தான் வந்தது என்று கடிதம் கொடுத்தார்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "அப்போ கோளாறு உங்க தோல்லதானே, எங்க டிரம்முல இல்லையே? இன்னையோட கணக்கை முடிச்சுக்கலாம்." எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் கை மேல்தான் அதிகம் வந்தது.

சாயங்காலம் வேனுக்குப் பின்னால் திலகவதி வந்து நின்றாள். முந்தானையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். பாட்டில் வாசனையைத் தேய்க்கும் அதே இடத்தில் பொடிப் பொடியாகக் கொப்புளம்.

"ஒரே பேஜாரா கீது மெஹரு. அந்த டாக்டரு பேரு இன்னா?"

"நீ எந்தக் கல்யாணத்துக்குப் பட்ட அரைச்ச?" என்றேன்.

எனக்கு இரக்கமே வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை. வந்தது.

"டாக்டராண்ட நானே இட்டுக்கினு போறேன். ஆனா இப்பவே என்கூட மேனேஜராண்ட வா. எழுதினது பொய்னு சொல்லு. ரெண்டு பேரு கையையும் ஒண்ணா காட்டுவோம். அந்தாளு இன்னா சொல்றான்னு பாக்கலாம்."

அவள் ஆபீஸ் கதவைப் பார்த்தாள். பேட்ஜைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு சொல்லலாம் மெஹரு" என்று வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

எனக்கு அங்கே நாளை என்பது கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.