சுவொலோ ஏரியில் கருப்புத் துகள்கள்

கூடாரத்து அடுப்பில் மானிறைச்சிக் குழம்பு இரண்டாம் முறையாக அடிப்பிடிக்கத் தொடங்கியதும் ரிஸ்டென் சட்டியை இறக்கி வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போன கணவன் பியேராவை இன்னும் காணோம்.

அன்று விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது பனிமான் மந்தையில் பாதி இல்லை. வயிறு கனத்த பெண்மான்கள் தாமாகவே கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தன. குட்டி போடும் நேரம் நெருங்கிவிட்டால் அவற்றைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. ஆனால் அவை போன பாதை சுவொலோ ஏரிக்குப் போகிறது. ஏரியின் மறுகோடியில் ஆறு வெளியேறும் வாயில், ஏப்ரல் மாதத்தில் பனிக்கட்டி காகிதம் மாதிரி இருக்கும். அதற்குள் அவற்றைத் திருப்ப வேண்டும் என்று பியேரா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பனிவண்டியைக் கிளப்பினான். ரன்னே என்கிற சாம்பல் நிற நாய் இருக்கையில் அவன் பின்னால் தாவி உட்கார்ந்தது.

வண்டி மேட்டைத் தாண்டும்போது ரிஸ்டெனுக்கு ஒரு சத்தம் கேட்டது. என்ஜினுக்கு அடியில், எலும்பை அரத்தால் ராவுவது போல, மெல்லிய ஒரு கீச்சல். பட்டையைச் சுழற்றும் ஷாஃப்டின் பேரிங்கை மாற்றிவிட்டேன் என்று போன வாரம்தான் பியேரா சொல்லியிருந்தான். குளிருக்கு எல்லா இரும்பும் முனகும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மதியம் கடந்ததும், மீதி மந்தையைப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களிடம் விட்டுவிட்டு, கொழுந்தன் ஹெய்க்கா தன் வண்டியில் வந்து இறங்கினான்.

"எங்கயாவது குளிர் காஞ்சுக்கிட்டு, காப்பி போட்டுக் குடிச்சுக்கிட்டு இருப்பான் அண்ணி. உங்க குழம்புக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கானோ என்னவோ."

"சிரிக்காத ஹெய்க்கா. சறுக்குவண்டியப் பின்னால கட்டு. மான்தோல், கம்பளி, எல்லாத்தையும் போடு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கயிற்றை எடுத்தான்.

வானமும் தரையும் ஒரே வெள்ளையாகக் கலந்துபோன நாள் அது. சூரியன் எங்கோ இருந்தது. நிழல் மட்டும் எதற்கும் இல்லை. மேடு எது, பள்ளம் எது என்று வண்டி குலுங்கிய பிறகுதான் தெரிந்தது. ஹெய்க்கா ஓட்ட, அவன் தோளைப் பிடித்தபடி ரிஸ்டென் பின்னால் உட்கார்ந்து பியேராவின் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரப்பர்ப் பட்டை பதிந்த தடம், தரையில் கிடத்திய ஏணி போல நீண்டு போயிற்று.

முதலில் படிகள் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒரு படி பாதி உடைந்து பதிந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் அதே பாதிப் படி மறுபடியும். பட்டை சுற்றிச் சுற்றி வரும்போதெல்லாம் அந்த ஊனம் தரையில் விழுந்துகொண்டே போயிருந்தது.

"நிறுத்து."

அவள் இறங்கிக் குனிந்தாள். வெண்பனி மேல் மிளகு தூவியது போலக் கருப்புத் துகள்கள். ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினாள். ரப்பர்.

"பல்சக்கரம் பட்டையத் தின்னுது," என்றாள். "ஷாஃப்ட் நிலையா நிக்கல. ஆடுது."

"பழைய பட்டை அண்ணி, கல்லுல உரசியிருக்கும்."

"கல்லு எங்க இருக்கு இங்க?"

ஹெய்க்கா வண்டியைக் கிளப்பினான். அதற்கப்புறம் துகள்கள் பெருகின. நகத்தளவு, பிறகு விரலளவு துண்டுகள். ஏணியில் இப்போது இரண்டு படிகள் முழுதாகவே காணோம். ஏரிக்கரைக்கு வந்தபோது தடத்தின் வலது ஓரத்தில் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ச் சொட்டுகள் தொடங்கின. ஒரு மிருகம் அடிபட்டு இரத்தம் சிந்திக்கொண்டே ஓடியதைப் பின்தொடர்வது போலிருந்தது ரிஸ்டெனுக்கு. அந்த மிருகத்தின் மேல்தான் தன் கணவன் உட்கார்ந்திருந்தான் என்ற நினைப்பு வந்ததும் அவள் ஹெய்க்காவின் தோளை அழுத்தினாள். "சீக்கிரம்."

வண்டி ஏரி நடுவில் கோணலாக நின்றிருந்தது. முன் கண்ணாடி சில்லுசில்லாக உடைந்திருந்தது. அதன் விளிம்பில் கொஞ்சம் இரத்தம், உறைந்து கறுத்திருந்தது. ஆளும் இல்லை, நாயும் இல்லை.

"அண்ணா!" என்று ஹெய்க்கா கத்தினான். அந்த வெள்ளை எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

ரிஸ்டென் மண்டியிட்டு வண்டியின் அடியில் கையை விட்டாள். பேரிங் இருக்க வேண்டிய இடம் வெறும் குழியாக இருந்தது. அதன் எஃகுக் குண்டுகள் பனிக்கட்டி மேல் சிதறிக் கிடந்தன. ஷாஃப்டின் முனை சூட்டில் நீலம் பாரித்து, முறுக்கி ஒடிந்திருந்தது. ஓடுகிற வேகத்தில் ஒடிந்து பட்டை இறுகியிருக்க வேண்டும். வண்டி நின்றிருக்கும், பியேரா நின்றிருக்க மாட்டான்.

ஹெய்க்கா கருவிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல் ஒரு புதுப் பேரிங் இருந்தது.

"மாத்திட்டேன்னு தான சொன்னான்?" என்றான் மெதுவாக.

ரிஸ்டெனின் காதுமடல் சூடாயிற்று. அந்த நிமிடத்தில் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. அதுதான் அவளை நிமிர்த்தி நிற்க வைத்தது. பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"அவன் திட்டு வாங்குறதுக்காவது உயிரோட இருக்கணும். கோடாரிய எடுத்துக்க. ஆத்து வாய்க்குப் போ."

"கூடாரத்துப் பக்கம் நடந்திருந்தா?"

"நாம பாத்திருப்போமே. மானை விட்டுட்டு அவன் திரும்ப மாட்டான். உனக்குத் தெரியாதா உங்க அண்ணன?"

ஏரியின் நடுப்பகுதியில் காற்று பனியையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. பச்சைக் கண்ணாடி போன்ற வெறும் கட்டி. பனி இல்லாமல் பட்டைக்குக் குளிர்ச்சி கிடைக்காது. சிறிது தூரத்திலேயே பட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வழுக்குக் கட்டைகள் உருகும் நாற்றம் வந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பட்டை அப்படியே ஒட்டிக்கொள்ளும். பனி கிடந்தது கரையோரத்தில்தான்; ஆனால் பனி போர்த்திய இடத்தில் கட்டி மெலிந்திருக்கும், அடியில் ஊற்றுநீர் ஏறியிருக்கும். நடுவில் போனால் வண்டி சாகும். ஓரமாகப் போனால் ஆளும் சேர்ந்து அமிழலாம். ஹெய்க்கா ஓரத்துக்குத் திருப்பினான்.

ஆற்று வாய்க்கு முன்னாலுள்ள வளைவை நெருங்கும்போது வண்டி சொதசொதவென்று அமிழ்ந்தது. பனிக்கு அடியில் நீர். முழங்கால் வரை அதில் நின்று இருவரும் தள்ளி, கெட்டியான இடத்துக்கு ஏற்றினார்கள். மூச்சு வாங்கி நிமிர்வதற்குள், பட்டையில் ஏறிய ஈரப்பனி இரும்பாக உறைந்துவிட்டது. ஹெய்க்கா ஏறி உட்கார்ந்து முறுக்கினான். என்ஜின் அலறியது, பட்டை அசையவில்லை. அடியில் ஏதோ டொக்கென்று அடித்தது.

ரிஸ்டென் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நிறுத்துடா! இதையும் ஒடிக்கப் போறியா? உறைஞ்ச பட்டைய முறுக்கினா ஷாஃப்ட்டுதான் போகும். அப்புறம் மூணு பேரையும் தேட யார் வருவா?"

"மன்னிச்சுக்குங்க அண்ணி. அவசரத்துல பண்ணிட்டேன்."

"வண்டியச் சாய்ச்சுப் பிடி."

வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கோடாரியின் பின்பக்கத்தால் சக்கரம் சக்கரமாக அவள் பனிக்கட்டியைத் தட்டி எடுத்தாள். பட்டையில் வெட்டு விழாமல், அவசரப்படாமல். அவசரப்படாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என்ஜின் அணைந்த அமைதியில் ஏரி முனகுவது கேட்டது. எங்கோ ஆழத்தில் ஒரு விரிசல் தொடங்கி, அவர்கள் காலடியைக் கடந்து, எதிர்க்கரை வரை ஓடிற்று. ஹெய்க்கா கண்ணை மூடிக்கொண்டு வண்டியைப் பிடித்திருந்தான்.

பிறகு வேறொரு சத்தம். மணி. முன்னோடிப் பெண்மானின் கழுத்து மணி. அதைத் தொடர்ந்து நாயின் குரைப்பு.

பட்டை விடுபட்டதும் வண்டியைக் கிளப்பினார்கள்; வளைவைத் தாண்டியதும் எல்லாம் தெரிந்தது. ஆற்று வாயில் கட்டி உடைந்து, கரிய நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு இந்தப் பக்கம், கரைமேட்டில், பிரிந்து போன மான்கள் மொத்தமும் அசையாமல் நின்றன. நீர் விளிம்புவரை போன குளம்புத் தடங்கள் அங்கிருந்து திரும்பியிருந்தன. அவற்றின் குறுக்கே ஒரு மனிதனின் தள்ளாடிய தடம்.

குட்டை மரங்களுக்கடியில் பியேரா சுருண்டு கிடந்தான். அவன் மார்பின் மேல் ரன்னே படுத்திருந்தது. ஒரு கையுறையைக் காணோம். அந்தக் கை மெழுகுபோல வெளுத்திருந்தது. நெற்றி கிழிந்து, ஒரு தோள் தவறான இடத்தில் தொங்கியது. ரிஸ்டென் அந்தக் கையைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டாள். பனிக்கட்டியை வைத்ததுபோல இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். "திரும்பிடுச்சா?"

"எல்லாம் திரும்பிடுச்சு."

"கத்திக் கத்தித் தொண்டையே போச்சு." அவள் முகத்தைப் பார்த்தான். "நீ வண்டியப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் கண்களை மூடிக்கொண்டான். அவள் அவன் கையை வயிற்றோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கரையோடு, மேட்டுப் பாதையில், நடை வேகத்தில் திரும்பினார்கள். சறுக்குவண்டியில் மான்தோலுக்குள் பியேராவை அணைத்துக் கிடந்தாள் ரிஸ்டென். வழி முழுக்க ஹெய்க்காவின் வண்டியிலிருந்து வந்த ஒவ்வொரு முனகலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த டொக்கென்ற அடி அவள் காதைவிட்டுப் போகவே இல்லை. கூடாரத்துப் புகை தெரிந்த பிறகுதான் தன் உதடு வெடித்து இரத்தம் வருவதே அவளுக்குத் தெரிந்தது.

ஹெலிகாப்டர் வந்து பியேராவைக் கொண்டுபோயிற்று. கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மந்தையை ஏரியைச் சுற்றி ஓட்டிக் கடற்கரை சேர்த்த பிறகு ரிஸ்டென் அவனைப் பார்க்கப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வண்டிய எடுத்துட்டு வந்தீங்களா?"

"கயித்தோட போனோம். அதச் சுத்தித் தண்ணி நின்னுச்சு. ஹெய்க்கா கரையிலேயே உக்காந்துட்டான். மறுநாள் போனப்ப வண்டி இல்ல."

பியேரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மந்தை கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னு இருந்தேன். மாத்தலன்னு சொன்னா நீ என்னப் போக விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

"போகலன்னா மானுங்க தண்ணில போயிருக்கும் ரிஸ்டென்."

அது உண்மை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டு வார்த்தை ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. கொண்டு வந்திருந்த காய்ந்த இறைச்சியை வெட்டத் தொடங்கினாள். இடது கையால் அவனுக்கு வெட்ட வராது.

"எத்தனை குட்டி?" என்று கேட்டான்.

"இன்னும் போட்டுக்கிட்டு இருக்குங்க. வாயத் திற."

அவன் வாயைத் திறந்தான்.