துணி மூட்டையில் ஒரு பள்ளம்

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அவள் படுக்கையைக் காலையில் நான்தான் தட்டிப் போடுவேன். போன மாதம்வரை ஒரு தலையணை. அப்புறம் இரண்டு. இந்த வாரம், அவற்றின் மேல் கிடந்த, தைக்க வந்த துணி மூட்டையின் நடுவில் தலை அழுந்திய பள்ளம் தெரிந்தது.

"மூட்டையை ஏம்மா தலைக்கு வெச்சே?"

"மட்டமாப் படுத்தா மூச்சு முட்டுது. டாக்டரம்மா காதுல போட்டுடாதே. ஊசியை நிறுத்திடுவாங்க."

இடது மார்பில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்தாகிவிட்டது. திரும்பி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. பதினெட்டில் ஏழு முடிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு டீச்சருக்கு, இதயம் தாங்கவில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். அவருக்குக் கட்டி திரும்பி வந்தது.

எட்டாவது ஊசிக்குப் போனோம்.

"எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுதாங்க. அதுவும் எங்க வீட்டுக்காரர் மூக்கு மாதிரி சப்பை."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். இதய ஸ்கேன் அடுத்த மாதம்தான். அவர் எழுதிவிட்டால் ஊசி ஏறிவிடும். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அந்தத் தைரியத்தில்தான் அம்மா என்னைக் கூட்டி வந்திருந்தாள்.

நான் மூன்று விரலை நீட்டினேன்.

பேனா நின்றது. அம்மா என் விரல்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் அறுபது சதவீதத்திலிருந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

"கட்டியோட செல்லுல ஒரு கொக்கி இருக்கும்மா. வளரச் சொல்ற செய்தி அதுலதான் மாட்டும். ஊசி அதை அடைக்குது. அதே கொக்கி இதயத்துலயும் இருக்கு, தன்னைச் சரிபண்ணிக்க. அதுவும் அடைபட்டுடுச்சு. மாத்திரை தரேன். நாலு வாரம் ஊசி வேண்டாம்."

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா?"

"இருக்கும்னு நம்புவோம்."

வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"ஊமைக்கோட்டானாச்சேன்னு நம்பிக் கூட்டிட்டுப் போனேன் பாரு."

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அவளுக்கு மூச்சு அடங்க வெகுநேரமானது.

"மூணு இல்லடி," என்றாள். "நேத்து நாலு. கட்டிலுக்கடியில கிடந்துச்சே, உன் ஸ்கூல் பை."

அவள் கை இடது மார்பின் மேல் இருந்தது. இதயத்தை அழுத்திக்கொண்டிருக்கிறாளா, கட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.