எட்டு விசிறி வைத்த கண்ணாடிப் பெட்டி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. எட்ட உட்கார்ந்தவர் காதில் பாதிதான் விழும். விழாத பாதியை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டு போய் நாலு இடத்தில் சொல்வார்கள். அப்படி அரைகுறையாய்க் கேட்டு முழுசாய்ப் பேசுகிற ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பாவம் மட்டும் பார்க்க வேண்டாம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு தலைவலிகூட வராது, அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. கம்ப்யூட்டர் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் முதலில் நுழைந்தார். பின்னால், செத்துப்போன பழைய கம்ப்யூட்டரைப் பெரிய துணிப்பையில் போட்டு இடுப்போடு அணைத்துக்கொண்டு, அவருடைய அண்ணி நுழைந்தாள். சுமை அவளுக்கு, பேச்சு அவருக்கு என்று அந்த வீட்டில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. அவர் அவளுடைய கணவனின் தம்பி. குடும்பத்தில் எல்லோரும் அவரை ‘நிபுணர்’ என்றுதான் சொல்வார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்த பெயர், அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்சாதனப் பெட்டியை விலை குறைத்து வாங்கிக் கொடுத்தார். அது இன்றும் ஓடுகிறது. ஓடுவது அந்தப் பெட்டியின் நல்ல குணம், பெயர் மட்டும் இவருக்கு. அன்றிலிருந்து பிளக் வைத்த எந்தப் பொருளும் இவர் கைகாட்டாமல் அந்த வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் கைகாட்டிய சலவை இயந்திரம், துணி பிழியும்போது குளியலறையிலிருந்து சமையலறை வரை நடந்து வரும். கேட்டால், “மோட்டார் பவர் அப்படி” என்பார்.

அண்ணி ஒரு சீருடைத் தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, சாக்பீஸ் கோடு போட்டு, இயந்திரக் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டி எடுப்பாள். ஐம்பத்திரண்டு வயது. அப்படிப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அவள் கணவனும் கேட்டான். “பொழுதுபோக்குங்க” என்றாள். அவனும் அதோடு விட்டுவிட்டான். மனைவிக்கு ஒரு சின்னப் பைத்தியம் இருப்பது அவனுக்கும் வசதிதான். வெளியில் சொல்லிச் சிரிக்கலாம் அல்லவா.

விஷயம் அதுவல்ல, கண்ணுகளா. அவர்களுக்கு ஒரே மகள். அப்பா சிபாரிசு பிடித்து வாங்கிக்கொடுத்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, வேறு ஊரில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனாள். “கிரேன் ஓட்டுறவளுக்கு இந்த வீட்ல இடம் இல்ல” என்று கிடங்கு மேற்பார்வையாளரான தகப்பன் சொன்னான். சொன்னதோடு நில்லாமல் மனைவியின் போனிலிருந்து மகளின் எண்ணை அழித்தான். தினமும் சாயங்காலம் அந்தப் போனை வாங்கிப் புரட்டியும் பார்த்தான். தன் கிடங்கில் எலி எத்தனை என்று தெரியாதவன், வீட்டில் எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தான். மகள் போகும் முன் அம்மாவுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விளையாட்டுக்குள் ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு லாரிகள் சந்திக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். திரையின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்வார்கள். சாப்பிட்டியா, கால்வலி எப்படி இருக்கு, அவ்வளவுதான். பிறகு முன்னும் பின்னுமாக நூறு மைல் ஓட்டுவார்கள். இரண்டு வருடமாக இப்படி. போன ஞாயிறு, ஏறி உட்கார்ந்த நேரத்தில் பழைய பெட்டியிலிருந்து புகை வந்து அணைந்துவிட்டது. “ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல நீ வரலேன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்குவேன். உனக்குத் தொந்தரவு வேணாம், அப்புறம் நானும் வரமாட்டேன்” என்று மகள் முன்பே எழுதியிருந்தாள். ஒரு வாரம் போயிற்று. இன்றைக்கு நாலு மணி இரண்டாவது.

கடையில் நிபுணர் நேராகப் போய் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால். உள்ளே எட்டு விசிறிகள், எட்டும் நிறம் மாறி மாறி எரிந்தன. கல்யாண வீட்டு வாசலே தோற்றது.

“கேமிங்னா இதுதான் அண்ணி. எட்டு ஃபேன்.”

“லாரி ஓட்ட இவ்வளவு லைட் எதுக்கு தம்பி?”

“லைட் இல்லாம ஸ்பீடு எப்படி வரும்? நான் எத்தனை வீடியோ பார்த்திருக்கேன் தெரியுமா?”

“சார் விஷயம் தெரிஞ்சவங்க” என்றார் கடைக்காரர். கடைக்காரர்கள் யாரை அப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். திருப்பிக் கேள்வி கேட்காமல் பில் போடச் சொல்கிறவரை. அந்தப் பெட்டியோடு ஒரு ஹெட்போன் இலவசம். அதை நிபுணர் ஏற்கெனவே எடுத்துத் தன் கழுத்தில் மாட்டியிருந்தார். அவர் தேர்வு எங்கே முடிந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அண்ணி அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தையல் கூடத்துக்கு மாதிரிச் சட்டை வரும்போது, எல்லோரும் காலரையும் பொத்தானையும் பார்ப்பார்கள். அவள் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பாள். காலர் நிமிர்ந்து நிற்கிற சட்டைதான் முதல் சலவையில் கக்கத்தில் பிரியும். பழைய பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கடையின் கோடியில் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

“ஏம்மா, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?”

பழுது பார்க்கும் பெண் திருகாணிகளைக் கையில் எடுத்தாள். முதலாளியை ஒரு தடவை பார்த்தாள். “ஃபேன் இருக்கு” என்றாள்.

“அதான் எரியுதே. படம் காட்டுறது எது?”

“அதுக்குன்னு தனியா கார்டு இல்ல. சும்மா கணக்கு எழுத, படம் பார்க்கப் போதும். லாரி ஓட்டுனீங்கன்னா மழை வந்தா நின்னுடும்.”

“கார்டு அப்புறமா போட்டுக்கலாம்!” என்று நிபுணர் அங்கிருந்தே கத்தினார்.

“அப்புறமா போட்டா பவர் சப்ளை தாங்காது சார். அதுல போட்டிருக்கறது பேரில்லாத சரக்கு. எல்லாரும் அதுலதான் மிச்சம் புடிப்பாங்க. அது போனா சும்மா போகாது, மத்ததையும் கூட்டிக்கிட்டுப் போகும்.”

அண்ணி தன் பழைய பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் நிபுணர் கைகாட்டியதுதான்.

“இதே காசுக்கு நீ என்ன போடுவே?”

அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் தகரப் பெட்டியை இழுத்தாள். போன வருடத்து கிராபிக்ஸ் கார்டு ஒன்று. புதுசாய் வந்ததைவிடக் கொஞ்சம் மட்டு, விலை பாதி. நல்ல பவர் சப்ளை, நடுத்தர ப்ராசசர், பதினாறு ஜிபி ரேம். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி இதிலேயே மாட்டிவிட்டால் விளையாட்டைப் புதிதாக இறக்க வேண்டியதில்லை, போனதும் ஓட்டலாம். “அழகா இருக்காதுக்கா. முன்னாடி ஒரே ஒரு லைட் எரியும், ஆன் ஆயிருக்குன்னு தெரியறதுக்கு.”

“ஒண்ணு போதும்மா.”

நிபுணர் வந்து பார்த்தார். முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. “தகரம் அண்ணி இது! வீட்டுக்கு நாலு பேர் வந்தா என்ன நினைப்பாங்க?”

“நாலு பேர் வந்தா தண்ணி குடுப்போம் தம்பி. பெட்டிக்குள்ளயா உக்கார வைக்கப் போறோம்?”

கடைக்காரர் இருமினார். பழுது பார்க்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நிபுணர் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். ஐம்பது வயது மனிதர், பென்சிலைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி, “அண்ணே, அண்ணி என்னைக் கடையில வச்சு அசிங்கப்படுத்துறாங்கண்ணே” என்றார். போன் அவள் கைக்கு வந்தது. “தம்பி சொல்றதை வாங்கு. இல்லேன்னா ஒண்ணும் வேணாம், கிளம்பி வா” என்றது அந்தப் பக்கம். “சரிங்க” என்றாள். போனைக் கொழுந்தனிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணிடம், “கார்டை மாட்டிடும்மா, நேரமாகுது” என்றாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தச் ‘சரிங்க’வுக்கு அவள் எத்தனை அர்த்தம் வைத்திருந்தாள் என்று போனில் உத்தரவு போட்ட அந்த மடையன் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஹெட்போன் கழுத்திலிருந்து இறங்கி மேசைக்குத் திரும்பிய காட்சிதான் காட்சி. தாலியைக் கழற்றுகிற மாதிரி கழற்றினார்.

வீட்டுக்கு வந்து மாட்டி முடிக்கும்போது மூணே முக்கால். கணவன் தகரப் பெட்டியைக் காலால் ஒரு இடி இடித்தான். “இதுக்கா இவ்வளவு காசு?” பெட்டியைத் திட்டியாயிற்று. இனி ஒதுங்குவார்கள் என்று அவள் நினைத்தாள். நிபுணரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

“டெஸ்ட் பண்ணாம லேடீஸ் கையில குடுக்கக் கூடாதுண்ணே.”

“அவன் பார்த்துட்டுக் குடுக்கட்டும்” என்றான் கணவன்.

“நான் பார்த்துக்கறேன் தம்பி, எழுந்திருங்க.”

“அஞ்சு நிமிஷம் அண்ணி. அஞ்சே நிமிஷம்.”

வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். விளையாட்டு அவள் பெயரிலேயே திறந்தது. லாரி, கடைசியாக விட்ட அதே பெட்ரோல் பங்கில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் நாலு. பங்கின் மறு ஓரத்தில் ஒரு சிவப்பு லாரி வந்து நின்று, முன்விளக்கை இரண்டு தடவை அணைத்து எரித்தது.

நிபுணர் கியரைத் தட்டினார். லாரி பின்னால் போய்க் கம்பத்தில் இடித்தது. முன்னால் வந்து கடைக் கூரையைச் சீவியது. “ஸ்டீரிங் லூசு” என்றார். எந்த ஸ்டீரிங்? அவர் கையில் இருந்தது விசைப்பலகை. அடுத்த திருப்பத்தில் அந்தச் சிவப்பு லாரியின் பக்கவாட்டில் போய் மடேரென்று மோதினார். “எவனோ முட்டாள் குறுக்க நிறுத்தியிருக்கான்” என்று சிரித்தார்.

திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. நிபுணர் கண்ணைச் சுருக்கி வாய்விட்டுப் படித்தார்.

“‘நீங்க யாரு? அம்மா எங்க?’ அண்ணே, பாருங்கண்ணே, எதுவோ அம்மாவைத் தேடுது!”

அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தான். அடுத்த வரி வந்தது. இதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

‘அப்பாவா? அப்பாவா இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். அம்மாவைத் திட்டாதீங்க. நான்தான் வரச் சொன்னேன். இனி வரமாட்டேன்.’

சிவப்பு லாரி பின்வாங்கியது. நிதானமாக, எதிலும் உரசாமல், ஒரே வளைவில் பங்கை விட்டு வெளியேறியது. கிரேன் ஓட்டுகிற கை.

“எந்திரிடா” என்றாள் அண்ணி.

நிபுணருக்குத் தன்னைத்தான் சொன்னாள் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி தேய்ந்தது. அவள் உட்கார்ந்தாள். எழுத நேரமில்லை, அவளுக்கு வேகமாக எழுதவும் வராது. ஹாரனை அழுத்தினாள். வீடு அதிர்ந்தது. விடாமல் அழுத்திக்கொண்டே லாரியைச் சாலையில் ஏற்றினாள்.

வெளியே மழை ஆரம்பித்திருந்தது, வீட்டுக்கு வெளியே இல்லை, விளையாட்டுக்குள். கறுப்புப் பெட்டி நிற்கவில்லை. ஒரு துளி தப்பாமல் மழையைக் காட்டியது. கண்ணாடியில் வழிவதும் துடைப்பான் தள்ளுவதும் அப்படியே தெரிந்தது. வாசற்படியில் நின்றபடி, “படம் எவ்வளவு தெளிவு பார்த்தீங்களா, மானிட்டர் நான் செலக்ட் பண்ணினது” என்றார் நிபுணர். யாரும் திரும்பவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

“அவ எங்க?” என்று கணவன் கேட்டான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

“முன்னால.”

“இன்னும் வேகமாப் போ” என்றான். அப்போதும் பாருங்கள், உத்தரவுதான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மகள் எண்ணை அழித்தவன், இப்போது நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுகிற மாதிரி முன்னால் சாய்ந்து நின்றான். அவள் ஹாரனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நெடுஞ்சாலையின் கடைசியில், மழைக்கு நடுவே, மகளின் லாரியின் பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் புள்ளிகளாய்ச் சிறுத்துக்கொண்டே போயின. பிறகு திடீரென்று ஒரு கணம் பளிச்சென்று எரிந்தன. மகள் நிற்பதற்குப் பிரேக் பிடித்தாளா, இல்லை வளைவுக்காக மிதித்தாளா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. துடைப்பான் ஒரு தடவை போய் வந்தது.

இவ்வளவுதான், என் தங்கங்களே. உங்கள் வீட்டுப் பெட்டிகள் மழையிலும் நிற்காமல் ஓடட்டும். வெளியூர் போன உங்கள் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே போகட்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரிந்த ஆண்கள் உங்கள் வீட்டில் நிறையட்டும். எல்லாம் தெரிந்தவர்கள் உங்கள் தெருவில் வழிதவறி அடுத்த தெருவுக்குப் போகட்டும். நன்றாக இருங்கள்.